அட்டையிலிருந்து தரவுத்தளம் வரை: எண்ணிம மானிடப்புலத்தில் முனைவர் பட்ட ஆய்வின் வரலாறும் தமிழ் ஆய்வுலகமும்

ஆய்வுச்சுருக்கம்

கணினியின் துணைகொண்டு மொழி, இலக்கியம், வரலாறு முதலியவற்றை ஆராயும் எண்ணிம மானிடப்புலம் இன்று தனித்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையின் தொடக்கம் 1940களில் உரோமையில் அளிக்கப்பட்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் உள்ளது. ஆயினும், சொற்களைத் திரட்டுதல், பிரித்தல், வகைப்படுத்தல் ஆகிய உழைப்பைப் பட்ட ஆய்வின் பகுதியாக ஏற்பதா, வெறும் கருவி வேலையாகக் கொள்வதா என்னும் வினா இன்றும் முழுமையாகத் தீரவில்லை. இக்கட்டுரை அவ்வினாவின் வரலாற்றை மேலைநாட்டுச் சூழலிலும் தமிழ்ச் சூழலிலும் ஆராய்கிறது. தமிழில் தரவை உருவாக்குவதே உரை காணும் செயல் என்பதையும், ஆகவே தரவு ஆய்வேட்டின் உறுப்பாகவே மதிப்பிடப்பட வேண்டும் என்பதையும் நிறுவுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: எண்ணிம மானிடப்புலம், முனைவர் பட்ட ஆய்வு, சொல்லடைவு, ரொபெர்த்தோ புசா, சொற்பிரிப்பு, வேற்றுமை உருபு, தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் துறையைத் தமிழில் பலரும் பலவாறு பெயரிட்டு வருகின்றனர். ‘மானிடவியல்’ என்பது மனித இனத்தை ஆராயும் மற்றொரு துறையைக் குறிப்பதால், குழப்பம் நேராவண்ணம் இக்கட்டுரையில் ‘எண்ணிம மானிடப்புலம்’ என்னும் தொடர் ஆளப்படுகிறது.

இத்துறையில் முனைவர் பட்டம் பெற முனையும் தமிழ் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்த மென்பொருளைக் கற்பது என்பதன்று. ஓராண்டோ ஈராண்டோ உழைத்துத் தான் உருவாக்கும் தரவுத்தொகுப்பு ஆய்வாக எண்ணப்படுமா, அன்றி ஆய்வுக்கு முந்தைய ஆயத்தமாகத் தள்ளப்படுமா என்பதே அவ்வினா. நெறியாளரும் புறத்தேர்வாளரும் அளிக்கும் விடையைப் பொறுத்து அவருடைய உழைப்பின் மதிப்பு அமைகிறது. இவ்வினா புதியதன்று, துறை தோன்றிய நாள் முதல் தொடர்ந்து வருவது. ஆகவே விடையையும் வரலாற்றின் வழியே தேடுதல் பொருந்தும்.

1. ஒரு முன்னிடைச்சொல்லும் பத்தாயிரம் அட்டைகளும்

இத்தாலிய இயேசு சபைத் துறவி ரொபெர்த்தோ புசா (1913–2011) உரோமையின் கிரெகோரியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் எழுத்துகளில் ‘உடனுறைவு’ என்னும் கருத்தாக்கம் எவ்வாறு அமைந்துள்ளது என்பது அவரது ஆய்வுப்பொருள். அக்கருத்தை நேரே குறிக்கும் இலத்தீன் பெயர்ச்சொற்களை முதலில் தேடிய அவர், அவை போதிய விளக்கம் தாராமையைக் கண்டார். கருத்தின் சுமையைத் தாங்கி நின்றது ‘இன்’ என்னும் சிறிய முன்னிடைச்சொல்லே. தமிழின் ‘இல்’, ‘கண்’, ‘உள்’ ஆகியவற்றுக்கு நிகரான பொருளுடையது அது. அச்சொல்லும் அதனோடு தொடர்புடைய சொற்களும் வரும் தொடர்களை அவர் ஏறத்தாழ 10,000 அட்டைகளில் கையால் எழுதித் தொகுத்தார். 1946இல் ஆய்வேடு ஏற்கப்பட்டது. 1949இல் நூலாக வெளிவந்தது.

பெயர்ச்சொற்களுக்கு அடைவு செய்தல் அக்காலத்தில் வழக்கம். இடைச்சொற்களைப் பெரும்பாலும் அடைவில் சேர்ப்பதில்லை. விடுபட்ட அச்சொற்களிலேதான் ஆசிரியரின் சிந்தனை முறை வெளிப்படுகிறது என்பது புசாவின் முடிபு. எனவே, ஒரு சொல்லையும் விடாமல் அக்குவினாஸின் எழுத்து முழுவதற்கும் அடைவு வேண்டும் என்று அவர் கருதினார். 1949இல் அமெரிக்கா சென்று ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து, துளையட்டைப் பொறிகளின் துணையைப் பெற்றார். 1951இல் நான்கு பாடல்களுக்கான மாதிரி அடைவு வெளிவந்தது. ‘இன்டெக்ஸ் தோமிஸ்டிகஸ்’ எனப்படும் முழு அடைவு 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் அடங்கும்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, ஆய்வுவினா முன்னும் கருவி பின்னுமாக வந்தன. மற்றொன்று, ஆய்வேட்டுக்குப் போதுமானவையாக இருந்தவை கையால் எழுதிய அட்டைகளே. பொறியின் உதவியோடு செய்த முழு அடைவுக்கோ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. முனைவர் பட்டத்திற்கு உரிய அளவும் வாழ்நாள் திட்டத்திற்கு உரிய அளவும் வேறுவேறு என்பதைத் துறையின் முதல் நிகழ்வே காட்டிவிட்டது.

2. துளையிட்ட கைகள்

அந்த முப்பதாண்டுகளில் பொறி செய்ததைவிட மனிதர் செய்ததே மிகுதி. பொறிகள் இயங்கிய நேரம் பத்தாயிரம் மணிக்கும் குறைவு; மனித உழைப்போ பத்து லட்சம் மணிக்கும் மேற்பட்டது என்பது புசாவே தந்த கணக்கு. வடஇத்தாலியின் கல்லராத்தே நகரில் அவர் அமைத்த மையத்தில் 1950களின் நடுப்பகுதி முதல் 1967 வரை ஒரு பயிற்சிப்பள்ளி இயங்கியது. இலத்தீன் பாடத்தைத் துளையட்டைகளில் பதிவு செய்தவர்களுள் பெரும்பாலோர் அங்குப் பயின்ற இளம்பெண்கள். புசாவின் பெயர் துறையின் தந்தையாக நிலைபெற்றது. அப்பெண்களின் பெயர்கள் நெடுங்காலம் வெளித்தெரியவில்லை. ஜூலியான் நைஹன், மெலிசா டெராஸ் ஆகிய ஆய்வாளர்கள் பழைய நிழற்படங்களைக் கொண்டும் நேர்காணல்கள் வழியாகவும் அவ்வுழைப்பின் வரலாற்றை அண்மைக்காலத்தில் மீட்டெடுத்தனர்.

உழைப்பை ‘அறிவு’, ‘கருவிவேலை’ என இரண்டாகப் பகுத்து, முன்னதற்கு மட்டும் ஆசிரியர் பெயர் சூட்டும் வழக்கம் இங்கிருந்தே இத்துறையில் வேரூன்றியது எனலாம். ஒரு தரவை உருவாக்கியவர் யார் என்னும் வினாவுக்கு நன்றியுரையின் ஓரிரு வரிகள் போதுமா என்பதைப் பட்ட ஆய்வாளர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

3. துறையாதலும் பட்டமாதலும்

1966இல் ‘கம்ப்யூட்டர்ஸ் அண்ட் தி ஹியூமானிட்டீஸ்’ என்னும் இதழை ஜோசப் ராபன் தொடங்கினார். 1973இல் இலண்டனில் இலக்கிய, மொழியியல் கணிப்பியல் சங்கம் அமைந்தது. 1976இல் ஆக்ஸ்போர்டு பாட ஆவணகம் தோன்றியது. 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள், பாடங்களைக் குறியிடுவதற்குப் பொதுநெறி ஒன்று வேண்டும் என முடிவு செய்தனர். டிஇஐ என்று வழங்கும் குறியீட்டு நெறியின் பிறப்பு அதுவே. பாடவேறுபாடு, சிதைவு, இடைச்செருகல், கைம்மாற்றம் ஆகியவற்றைக் கணினி அறியுமாறு பதிப்பாசிரியர் குறிப்பதற்கு அந்நெறி வழிசெய்தது.

அதுவரை ‘மானிடப்புலக் கணிப்பியல்’ எனப்பட்ட துறைக்கு, 2004இல் சூசன் ஷ்ரைப்மன், ரே சீமென்ஸ், ஜான் அன்ஸ்வொர்த் ஆகியோர் பதிப்பித்த கையேட்டின் தலைப்பு இன்றைய பெயரை நிலைநிறுத்தியது. பெயர் மாற்றம் நோக்கு மாற்றத்தையும் உணர்த்தியது. கணிப்பியல் என்றபோது அது பிற துறைகளுக்குத் துணை. மானிடப்புலம் என்றபோது அது தனக்கென வினாக்களை உடைய துறை. 2000களின் நடுப்பகுதியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் இத்துறைக்கென முனைவர் பட்டப் படிப்பு அமைந்தது. வில்லர்ட் மெக்கார்ட்டி அதில் முன்னின்றார். அங்குள்ள மையம் 2011இல் எண்ணிம மானிடப்புலத் துறை என்னும் பெயரைப் பெற்றது.

4. இயல்கள் இல்லா ஆய்வேடு

பட்டம் வந்தபின் ஆய்வேட்டின் வடிவமே விவாதப் பொருளாயிற்று. 2005இல் விஸ்கான்சின்–மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா கூன் அளித்த ஆய்வேடு உரை, படம், காணொளி ஆகியவற்றை இணைத்து டிகே3 என்னும் மென்பொருளில் அமைந்தது. அம்மென்பொருள் பின்னர் வழக்கொழிந்தது. 2015இல் மேரிலாண்டு பல்கலைக்கழகத்தில் அமாண்டா விஸ்கான்டி, ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ புதினத்திற்கு வாசகர் பங்கேற்புடைய எண்ணிமப் பதிப்பொன்றை வடிவமைத்து, நிரலெழுதி, பயனர்களைக் கொண்டு சோதித்து, அதனையே முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். மரபான இயல்களுக்கு மாற்றாக ஒரு விளக்க அறிக்கை இணைக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். பதிப்பையும் நிரலையும் ஆய்வாக ஏற்க இயலும் என்பதை இரண்டாவது காட்டியது. ஏற்றபின் அதனைக் காக்கும் பொறுப்பும் உண்டு என்பதை முதலாவது உணர்த்தியது. தாளில் அச்சிட்ட ஆய்வேடு நூலகத்தில் நூறாண்டு கிடந்தாலும் படிக்கலாம். தனியொரு மென்பொருளை நம்பிய ஆய்வேடு, அதனை எழுதியவர் பணியிலிருந்து ஓய்வு பெறும் முன்னரே திறக்கவியலாது போகலாம்.

மதிப்பீட்டு நெறிகளும் மெல்ல மாறின. அமெரிக்க நவீன மொழிச் சங்கம் எண்ணிமப் பணியை மதிப்பிடும் வழிகாட்டுதல்களை 2000இல் வெளியிட்டு 2012இல் திருத்தியது. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2015இல் தன் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. எண்ணிமப் பணியை அதன் இயல்பான ஊடகத்திலேயே வைத்து மதிப்பிடல் வேண்டும் என்பது இவற்றின் அடிப்படைக் கருத்து.

5. தமிழில் சொல்லடைவு: பட்டத்தின் உள்ளும் புறமும்

மேலே கண்ட வினாவைத் தமிழ் ஆய்வுலகம் கணினிக்கு முன்பே எதிர்கொண்டது. வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது. சங்க நூல் ஒன்றின் இலக்கணத்தை அதன் சொல்லடைவோடு சேர்த்து ஆராயும் பட்ட ஆய்வுகள் அவர் வழியில் அப்பல்கலைக்கழகத்தில் மேற்கொள்ளப்பட்டன. அங்குச் சொல்லடைவு பின்னிணைப்பு மட்டுமன்று. இலக்கண விளக்கத்தின் சான்றாதாரம். ஒரு சொல்லை எங்கே பிரித்தார், எவ்வகையில் சேர்த்தார் என்பதைக் கொண்டே ஆய்வாளரின் இலக்கண முடிபை மற்றவர் சோதிக்க முடிந்தது. தரவை ஆய்வேட்டின் உறுப்பாக மதித்த மரபு நமக்கு அயலானது அன்று என்பதற்கு இதுவே சான்று.

புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் கணினியில் ஏற்றிய பாடங்களைக் கொண்டு உருவாக்கிய சங்க இலக்கியச் சொல்லடைவு 1992இல் வெளிவந்தது.

பட்ட ஆய்வுக்கு வெளியிலும் பெரும்பணிகள் நடந்தன. இந்திய ஆட்சிப் பணியிலிருந்த ஐராவதம் மகாதேவன், சிந்துவெளி எழுத்துகளுக்குக் கணினி வழி உருவாக்கிய தொடரடைவை இந்தியத் தொல்லியல் துறை 1977இல் வெளியிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கோலங்களுக்கான கணித இலக்கணம் குறித்து 1974இலும் அச்சுத் தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணுதல் குறித்து 1978இலும் உடன் ஆய்வாளர்களோடு கட்டுரைகள் வெளியிட்டார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ச்சுனனும் வெளிநாடுகளில் பணியாற்றிய அறிவியல் துறையினர். ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டம் 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது.

இப்பட்டியல் ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. தமிழின் எண்ணிம அடித்தளத்தில் பெரும்பகுதியை அமைத்தவர்கள் தமிழ்த் துறை சாராதவர்கள். அவர்களுக்கு அதனால் பட்டமோ பதவியுயர்வோ வாய்க்கவில்லை. எனினும் மதுரைத் திட்டத்தின் ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் தட்டெழுதியவர், மெய்ப்பு நோக்கியவர் பெயர்கள் பதிவாகியுள்ளன. கல்லராத்தே அடைவில் இல்லாத அறம் இங்கே உண்டு.

6. ‘இல்’ எங்கே உள்ளது?

புசாவின் ஆய்வைத் தமிழில் ஒருவர் மேற்கொள்வதாகக் கொள்வோம். சங்க இலக்கியத்தில் இடப்பொருளை உணர்த்தும் உருபுகளைத் தொகுப்பது நோக்கம். இலத்தீனில் ‘இன்’ என்பது இருபுறமும் இடைவெளி பெற்றுத் தனித்து நிற்கும்; பொறி அதனை எளிதில் கண்டுகொள்ளும். தமிழில் உருபு சொல்லோடு ஒட்டி, புணர்ச்சியால் உருமாறி நிற்கிறது. ‘மலையில்’ என்பதை ‘மலையின்கண்’ என்று கொள்ளலாம், ‘மலையிலிருந்து’ எனலாம், ‘மலை இல்லாத’ என்றோ ‘மலையிலுள்ள வீடு’ என்றோ பிரிக்கவும் இடமுண்டு. எது பொருந்தும் என்பதைச் சூழலும் உரையாசிரியரும் முடிவு செய்வர். எழுத்துச்சரம் முடிவு செய்யாது.

இலக்கணத் தேர்வும் தரவை மாற்றும். தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமைக்கு ‘இன்’ என்பதையும் ஏழாம் வேற்றுமைக்குக் ‘கண்’ என்பதையும் உருபாகக் கூறுகிறது. நன்னூல் ‘இல்’ என்பதை ஐந்தாம் வேற்றுமையிலும் ஏழாம் வேற்றுமை உருபுகளின் வரிசையிலும் வைக்கிறது. ஒரே பாடலைத் தொல்காப்பிய வழியில் குறியிட்டால் ஓர் எண்ணிக்கையும், நன்னூல் வழியில் குறியிட்டால் மற்றோர் எண்ணிக்கையும் கிடைக்கும். இரண்டும் பிழையல்ல, எதனைக் கொண்டோம், ஏன் கொண்டோம் என்று சொல்லாமைதான் பிழை.

எழுத்துக்குறியீட்டு நிலையிலும் இத்தகைய முடிவுகள் உள. ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்புநிலைப்படுத்தாத தேடலுக்கு இரண்டும் வேறு. ‘ஔ’ என்னும் உயிரெழுத்துக்கு மாற்றாக ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்துத் தட்டப்பட்ட கோப்புகளும் உண்டு. தமிழ் எண் ஏழும் எகரமும் வடிவில் மயங்குவன. டிஸ்கி முதலிய பழைய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய பாடங்களில் மாற்றத்தின்போது நேர்ந்த பிழைகளும் கலந்திருக்கக் கூடும். இவற்றைச் சரிசெய்யாமல் ‘இச்சொல் இத்தனை முறை வந்துள்ளது’ என்று அட்டவணை தருவது, பாடவேறுபாடு பாராமல் ஏடு பதிப்பிப்பதற்கு ஒப்பாகும்.

சுருங்கக் கூறின், தமிழில் தரவை உருவாக்குதல் உரை காணும் செயலே. நச்சினார்க்கினியர் கொண்டுகூட்டிப் பொருள் கொண்டபோது எடுத்த முடிவுகளை நாம் உரைத்திறனாக ஆராய்கிறோம். பல்லாயிரம் சொற்களைப் பிரித்துக் குறியிடும் ஆய்வாளரும் அத்தகைய முடிவுகளையே எடுக்கிறார். ஆகவே அது ஆயத்தம் அன்று, ஆய்வு.

7. இன்றைய விதிமுறையும் ஆய்வாளரின் நிலையும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, முனைவர் பட்டக் காலத்தைக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக மிகுதியாக 6 ஆண்டு என வரையறுக்கிறது. பாடத்திட்டப் படிப்புக்குக் குறைந்தது 12 மதிப்புப் புள்ளிகள் வேண்டும். எம்ஃபில் பட்டம் இதனோடு நிறுத்தப்பட்டது. முன்னர் எம்ஃபில் ஆய்வில் ஒரு சிறுநூலுக்குச் சொல்லடைவு செய்து பழகி, பின்னர் முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் வாய்ப்பு இருந்தது. இப்போது அப்பயிற்சியும் முனைவர் பட்டக் காலத்திற்குள்ளேயே நிகழ வேண்டும்.

2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் வழியாக ஆய்வேடுகளின் மின்படிகளைத் திரட்டத் தொடங்கிய சோத்கங்கா களஞ்சியம் பெரும்பயன் தருவது. எனினும் ஆய்வேடு அங்குப் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளாகவே நிலைபெறுகிறது. அட்டவணையின் முடிவுகளைப் படிக்கலாம். அவற்றுக்கு அடிப்படையான குறியிட்ட பாடத்தைத் திறந்து சோதிக்க முடியாது. கருத்துத் திருட்டைத் தடுக்கும் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைச் சிறிய அளவாகக் கருதி விலக்களிக்கிறது. ஆயின், ஒப்புமை காணும் மென்பொருள் உரைநடையைச் சோதிக்கும். பிறர் பிரித்துக் குறியிட்ட தரவைப் பெயர் சுட்டாது பயன்படுத்தினால் அதனைக் கண்டறிவது அரிது. ஆய்வேடு ஏற்கப்பட்டபின் தரவு ஆய்வாளரின் மடிக்கணினியில் தங்கி, அதனோடு மறைகிறது. அடுத்து வருபவர் அதே நூலை மீண்டும் முதலிலிருந்து தட்டெழுதுகிறார்.

இந்நிலை மாறுவதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரலாறு தரும் படிப்பினைகளைக் கொண்டு துறை அளவிலேயே சில நெறிகளை மேற்கொள்ளலாம்.

முதலாவது, ஆய்வுப்பரப்பைச் சுருக்குதல். சங்க இலக்கியம் முழுவதற்கும் தரவுத்தளம் என்பது நிறுவனத்தின் பணி. ஐங்குறுநூற்றில் இடப்பொருள் உருபுகள் என்பது ஒருவரின் பணி. இரண்டாவது, சொற்பிரிப்பு நெறியையும் ஐயத்திற்கிடமான இடங்களையும் விளக்கும் தனி இயல் ஆய்வேட்டில் இடம்பெறல். மூன்றாவது, மூலப் பதிப்பு, மின்பாடம், தட்டெழுதியவர், மெய்ப்பு நோக்கியவர் ஆகிய விவரங்களை முறையாகப் பதிதல். நான்காவது, தரவை எம்மென்பொருளாலும் திறக்கத்தக்க எளிய உரைக்கோப்பாகவோ டிஇஐ குறியீட்டிலோ அமைத்து, நிலையான அடையாள எண் வழங்கும் ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைத்தல். ஐந்தாவது, வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் தரவைத் திறந்து, ஏதேனும் பத்து இடங்களைத் தெரிந்து, ‘இங்கு ஏன் இவ்வாறு பிரித்தீர்?’ என்று வினவுதல். இவ்வைந்தனுள் இறுதியானதே இன்றியமையாதது. தேர்வாளர் கேட்பார் என்று தெரிந்தால் ஏனைய நான்கும் தாமே நிகழும்.

முடிவுரை

ஒரு சிறிய இடைச்சொல்லைப் பற்றிய ஐயத்திலிருந்து எண்ணிம மானிடப்புலம் பிறந்தது. ஆய்வுவினாவும் அதற்கான தரவும் அப்பிறப்பில் பிரிந்திருக்கவில்லை. எழுதிய கையும் எண்ணிய மனமும் ஒருவருடையவை. திட்டம் பெருகியபோது உழைப்பு பிரிந்தது. உழைத்தோர் பெயர் மறைந்தது. துறை பட்டமாக வளர்ந்தபோது, பிரிந்தவற்றை மீண்டும் இணைக்கும் முயற்சிகள் தொடங்கின. சொல்லடைவையும் இலக்கணத்தையும் ஒருசேர ஆய்வேடாகக் கொண்ட மரபு தமிழில் முன்பே இருந்தது. கணினி அம்மரபுக்கு மாற்று அன்று, அதன் தொடர்ச்சி. எனவே தமிழ்த் துறைகள் இத்துறையில் பட்ட ஆய்வாளர்களைச் சேர்க்கும்போது, அவர்கள் எழுதும் இயல்களைப் படிப்பதைப் போன்றே அவர்கள் பிரிக்கும் சொற்களையும் படித்து மதிப்பிடுதல் கடமையாகும். அவ்வாறு மதிப்பிடப்படும் தரவே அடுத்த ஆய்வாளருக்கு நம்பத்தகுந்த மூலமாக நிலைபெறும்.